ஓய்வுக்காலச் சேமிப்பில் வரிச்சலுகையின் வரம்புகள்: பி.எஃப்., பி.பி.எஃப்., என்.பி.எஸ். கணக்குகளுக்கு முழுமையான வழிகாட்டி

பி.எஃப். (ஊழியர் வருங்கால வைப்பு நிதி), பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி), என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்) ஆகியவற்றில் ஓய்வுக்காலத்துக்காகச் சேமிப்பவர்களில் பெரும்பாலோர் அறிந்திருக்கும் வரம்பு ஒன்றே ஒன்றுதான்: ஒன்றரை லட்சம். உண்மையில் இந்திய வருமான வரிச் சட்டத்தில் இதற்கென ஒன்றல்ல, ஏழெட்டு வரம்புகள் இருக்கின்றன. அவை எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவையும் அல்ல. கணக்கில் எவ்வளவு பணம் போடலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. போட்ட பணத்தில் எவ்வளவை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்பதற்கு வேறொரு வரம்பு உண்டு. எந்த அளவுக்கு மேல் போனால் வட்டிக்கோ நிறுவனத்தின் பங்களிப்புக்கோ வரி விழும் என்பதற்கு மூன்றாவதாக ஒரு வரம்பு உண்டு. இந்த மூன்றையும் பிரித்தறியாமல் குழப்பிக்கொள்வதால்தான், ஆண்டு முழுவதும் ஒழுங்காகச் சேமித்தவர்கள்கூட மார்ச் மாதத்தில் தவறான கணக்கில் பணத்தைப் போட்டுவிட்டுப் பின்னர் வருந்துகிறார்கள்.

கீழே தரப்பட்டுள்ள எண்கள் 2025-26 நிதியாண்டுக்கு, 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி பொருந்துபவை. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால், அதற்குப் பிந்தைய வருமானத்துக்குப் பிரிவு எண்கள் மாறுகின்றன. ஆகவே ஒன்றரை லட்சக் கழிவைத் தரும் பிரிவை 80சி என்ற பழகிய பெயரைக் கொண்டு தேடுபவர்கள் இந்த மாற்றத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

முதல் படி: எந்த வரிமுறை என்பதை முடிவு செய்யுங்கள்

இந்தக் கேள்விக்கு விடை காணாமல் மற்ற எந்தக் கணக்கையும் போடுவதில் பொருளில்லை. 2023-24 நிதியாண்டிலிருந்து புதிய வரிமுறையே இயல்பான வரிமுறையாகிவிட்டது; பழைய முறை வேண்டுமென்றால் நாமாகத்தான் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதிய முறையில் 80சி பிரிவின் ஒன்றரை லட்சமும் கிடையாது, நாம் என்.பி.எஸ். கணக்கில் போடும் பணத்துக்கான கழிவும் கிடையாது. ஓய்வுக்காலச் சேமிப்பைப் பொறுத்தவரை அங்கே எஞ்சியிருக்கும் முக்கியமான சலுகை, நிறுவனம் நம் பெயரில் செலுத்தும் பங்களிப்புக்கானது மட்டுமே.

ஆண்டுக்கு 15,00,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பழைய முறையில் சம்பளக்காரர் எல்லோருக்கும் கிடைக்கும் நிலையான கழிவு 50,000, 80சி-யில் 1,50,000, என்.பி.எஸ். கூடுதல் கழிவு 50,000 ஆகியவற்றைக் கழித்தால் வரிக்குரிய வருமானம் 12,50,000. செஸ் (வரியின் மீது விதிக்கப்படும் கூடுதல் வரி) சேர்த்து வரி 1,95,000 ரூபாய். புதிய முறையில் நிலையான கழிவான 75,000 ரூபாயை மட்டும் கழித்தால் வரிக்குரிய வருமானம் 14,25,000. செஸ் சேர்த்து வரி 97,500 ரூபாய். அதாவது, இரண்டு லட்சம் ரூபாயைச் சேமித்து அதற்கான கழிவு முழுவதையும் பெற்ற பிறகும், பழைய முறையில் வரி சரியாக இரண்டு மடங்காக இருக்கிறது. வீட்டு வாடகைப்படி, வீட்டுக்கடன் வட்டி, மருத்துவக் காப்பீடு என்று பெரிய கழிவுகள் கூடவே இருப்பவர்களுக்கு மட்டுமே பழைய முறை இன்று லாபம் தரும். "சேமிக்கிறோமே, அதனால் பழைய முறையே நல்லது" என்று பழக்கத்தால் முடிவெடுப்பவர்கள் இந்த ஒரு கணக்கையாவது தங்கள் எண்களைக் கொண்டு போட்டுப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

சம்பளக்காரர்கள் ஒவ்வோர் ஆண்டும் முறையை மாற்றிக்கொள்ளலாம். தொழில் வருமானம் உள்ளவர்களுக்கு அந்த வசதி இல்லை. பழைய முறைக்குப் போய்விட்டுப் புதிய முறைக்குத் திரும்பினால், தொழில் வருமானம் இருக்கும் வரை மீண்டும் பழைய முறையைத் தேர்ந்தெடுக்க இயலாது.

இரண்டாம் படி: சம்பளச் சீட்டிலிருந்து இரண்டு எண்களை எடுங்கள்

விழுக்காட்டில் சொல்லப்படும் வரம்புகள் மொத்தச் சம்பளத்தின் மீது கணக்கிடப்படுபவை அல்ல. அடிப்படைச் சம்பளமும், ஓய்வூதியப் பலன்களுக்குக் கணக்கில் கொள்ளப்படும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையே அவற்றுக்கு அடிப்படை. வாடகைப்படியும் சிறப்புப்படியும் இதில் சேரா. எனவே முதல் எண் அந்த அடிப்படைத் தொகை. இரண்டாவது எண் மாதந்தோறும் பிடிக்கப்படும் பி.எஃப். தொகை.

அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபாய் என்றால் 12 விழுக்காடாகப் பிடிக்கப்படும் பி.எஃப். 7,200, ஆண்டுக்கு 86,400. சில நிறுவனங்கள் சட்டப்படியான உச்சவரம்பான 15,000 ரூபாய்க்கு மட்டுமே பி.எஃப். பிடிக்கின்றன, அங்கே மாதப் பிடித்தம் 1,800, ஆண்டுக்கு 21,600 மட்டுமே. இந்த இரண்டு நிலைமைகளுக்கும் இடையே 80சி-யில் மீதமிருக்கும் இடம் மிகவும் வேறுபடும் என்பதால், பக்கத்து இருக்கைக்காரர் செய்வதைப் பார்த்து நாமும் செய்வது ஒத்துவராது.

மூன்றாம் படி: ஒன்றரை லட்சத்தை நிரப்பும் வரிசை (பழைய முறையில் இருப்பவர்களுக்கு)

2014-15 நிதியாண்டில் ஒரு லட்சத்திலிருந்து ஒன்றரை லட்சமாக உயர்த்தப்பட்ட இந்த வரம்பு அதன்பின் உயர்த்தப்படவே இல்லை. 80சி, ஓய்வூதியக் காப்பீட்டுத் திட்டங்களுக்கான 80சிசிசி, என்.பி.எஸ். கணக்குக்கான 80சிசிடி (1) ஆகிய மூன்று பிரிவுகளும் இந்த ஒரே கூரையின் கீழ்தான் வருகின்றன. மூன்றுக்கும் தனித்தனியாக ஒன்றரை லட்சம் என்று நினைப்பது தவறு. இதே கூரையின் கீழ்தான் ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம், குழந்தைகளின் கல்விக் கட்டணம், வீட்டுக்கடனில் திருப்பிச் செலுத்திய அசல் ஆகியவையும் இடம் கேட்டு நிற்கின்றன.

சென்ற ஆண்டு நண்பர் ஒருவர் தம் கணக்கை என்னிடம் காட்டினார். பி.எஃப். 86,400, ஆயுள் காப்பீடு 24,000, இவற்றோடு மார்ச் மாதத்தில் பி.பி.எஃப். கணக்கில் ஒரே தவணையாக 1,50,000. கூட்டினால் 2,60,400. இதில் கழிவாகக் கிடைத்தது 1,50,000 மட்டுமே. மீதி 1,10,400 ரூபாய்க்கு எந்தக் கழிவும் இல்லை. "அப்படியானால் அந்தப் பணம் வீணா?" என்று அவர் கேட்டார். வீணில்லை. பி.பி.எஃப். கணக்கில் போட அவருக்கு உரிமை இருந்தது, அதன் வட்டிக்கும் முதிர்வுத் தொகைக்கும் வரி இல்லை. இழந்தது கழிவை மட்டுமே. ஆனால் அதிலிருந்து 50,000 ரூபாயை என்.பி.எஸ். கணக்குக்குத் திருப்பியிருந்தால், 30 விழுக்காட்டு வரி கட்டும் அவருக்குச் செஸ் சேர்த்து 15,600 ரூபாய் மிச்சமாகியிருக்கும்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். தானாகவே பிடிக்கப்படும் பி.எஃப். முதலில், தவிர்க்க முடியாத பிரீமியம், கல்விக் கட்டணம், கடன் அசல் அடுத்து, இவற்றை ஒன்றரை லட்சத்திலிருந்து கழித்தபின் மிஞ்சும் இடத்துக்கு மட்டுமே வரிக்காகப் புதிதாகப் பணம் போடுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

நான்காம் படி: என்.பி.எஸ். கணக்கின் மூன்று கதவுகள்

இந்தப் பகுதியில்தான் குழப்பம் மிகுதி என்பதால் சற்று நிதானமாகப் பார்ப்போம். என்.பி.எஸ். என்ற ஒரே கணக்குக்கு மூன்று தனித்தனிக் கழிவுகள் இருக்கின்றன.

முதலாவது, மேலே சொன்ன 80சிசிடி (1). சம்பளக்காரருக்கு அடிப்படைத் தொகையில் 10 விழுக்காடு, சொந்தத் தொழில் செய்பவருக்கு மொத்த வருமானத்தில் 20 விழுக்காடு என்று இதற்கு ஓர் உள்வரம்பு உண்டு. அதற்கும் மேலே ஒன்றரை லட்சம் என்ற கூரை இருக்கிறது.

இரண்டாவது, 2015-16 நிதியாண்டில் வந்த 80சிசிடி (1பி). இதில் 50,000 ரூபாய் வரை கழிக்கலாம். ஒன்றரை லட்சக் கூரைக்கு இது கட்டுப்பட்டதல்ல. 10 விழுக்காட்டு உள்வரம்பும் இதற்குப் பொருந்தாது. முதல் கழிவை முழுதாகப் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சட்டத்தில் இல்லை. எனவே என்.பி.எஸ். கணக்கில் போட்ட முதல் 50,000 ரூபாயை இந்தப் பிரிவில் காட்டிவிட்டு, அதற்கு மேற்பட்டதை மட்டும் ஒன்றரை லட்சத்துக்குள் கொண்டுவருவதே அறிவுடைமை. ஒரே தொகையை இரண்டு இடத்திலும் காட்டக் கூடாது என்பது மட்டுமே விதி. பிள்ளைகளின் பெயரில் என்.பி.எஸ். வாத்சல்யா கணக்கு வைத்திருக்கும் பெற்றோர் அதில் போடும் பணத்துக்கும் 2025-26 முதல் இந்தக் கழிவைப் பெறலாம். ஆனால் சொந்தக் கணக்கும் பிள்ளையின் கணக்கும் சேர்ந்தே 50,000.

மூன்றாவது, நிறுவனம் செலுத்தும் பங்களிப்புக்கான 80சிசிடி (2). பழைய முறையில் தனியார் ஊழியருக்கு அடிப்படைத் தொகையில் 10 விழுக்காடு, மத்திய, மாநில அரசு ஊழியருக்கு 14 விழுக்காடு. புதிய முறையிலோ, 2024-25 நிதியாண்டிலிருந்து, எல்லோருக்குமே 14 விழுக்காடு. இதுவும் ஒன்றரை லட்சத்துக்கு வெளியே நிற்கிறது.

இந்த மூன்றும் என்.பி.எஸ். திட்டத்தில் ஓய்வுக்காலத்துக்கெனப் பணம் பூட்டப்படும் முதல் அடுக்குக் (டியர் 1) கணக்குக்கு உரியவை. நினைத்தபோது பணம் எடுக்கக்கூடிய இரண்டாம் அடுக்குக் (டியர் 2) கணக்கில் போடும் பணத்துக்குத் தனியார் ஊழியர்களுக்கோ தொழில் செய்பவர்களுக்கோ எந்தக் கழிவும் இல்லை. பணத்தைச் செலுத்தும்போது தவறுதலாக இரண்டாம் அடுக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஆண்டு முடிந்தபின் கழிவு இல்லை என்று அறிவது எளிதில் நேரக்கூடியது. செலுத்தும் பக்கத்தில் அந்த ஒரு வரியை நிறுத்திப் படியுங்கள்.

ஐந்தாம் படி: நிறுவனத்தின் பங்களிப்பைச் சம்பள அமைப்பில் சேர்க்கச் சொல்லுங்கள்

புதிய வரிமுறையில் இருக்கும் சம்பளக்காரருக்கு, என் கருத்தில், இதைவிடப் பயனுள்ள படி வேறு இல்லை. நிறுவனம் கூடுதலாகப் பணம் கொடுக்க வேண்டும் என்பதில்லை. தரும் சம்பளத்தின் ஒரு பகுதியைச் சிறப்புப்படியாகத் தராமல் என்.பி.எஸ். பங்களிப்பாகச் செலுத்தினால் போதும்.

வரி எந்த அளவுக்குக் குறையலாம் என்பதைப் பாருங்கள். ஒருவருடைய ஆண்டுச் சம்பளம் 13,40,000. அடிப்படைச் சம்பளம் ஆண்டுக்கு 6,00,000. புதிய முறையில் 75,000 கழித்தால் வரிக்குரிய வருமானம் 12,65,000. பன்னிரண்டு லட்சம் வரைதான் முழுத் தள்ளுபடி என்பதால், பன்னிரண்டு லட்சத்தைத் தாண்டிய தொகையைவிட வரி கூடாமல் பார்த்துக்கொள்ளும் விளிம்பு நிவாரணத்தையும் கணக்கில் கொண்டு, அவர் செஸ்ஸுடன் கட்ட வேண்டிய வரி 67,600 ரூபாய். அதே சம்பளத்துக்குள், அடிப்படைச் சம்பளத்தின் 14 விழுக்காடான 84,000 ரூபாயை நிறுவனம் என்.பி.எஸ். கணக்கில் செலுத்தும்படி அமைத்துக்கொண்டால், வரிக்குரிய வருமானம் 11,81,000 ஆகக் குறைகிறது. வரி சுழியம். ஓய்வுக்காலத்துக்கு 84,000 ரூபாய் ஒதுக்கியதில், கைக்கு வரும் பணம் உண்மையில் குறைவது 16,400 ரூபாய் மட்டுமே.

எல்லோருக்கும் இவ்வளவு பெரிய மிச்சம் கிடைக்காது. பன்னிரண்டு லட்சத்தின் விளிம்பில் நிற்பவர்களுக்கே இது. முதல் படியில் பார்த்த 15 லட்சம் ரூபாய்ச் சம்பளக்காரருக்கு, அடிப்படைச் சம்பளம் 7,20,000 என்றால், 14 விழுக்காடான 1,00,800 ரூபாய்க்கு ஏறத்தாழ 15,725 ரூபாய் வரி குறையும். அதுவும் சிறு தொகை அல்ல. ஆனால் முதல் அடுக்குக் கணக்கில் போன பணத்தை நினைத்தபோது எடுக்க முடியாது, முடிவில் ஒரு பகுதியைக் கொண்டு ஓய்வூதியத் திட்டம் வாங்கியாக வேண்டும். அவசரகாலப் பணம் கையில் இல்லாதவர்கள் வரிக்காக மட்டும் இதில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிடம் நிதியாண்டின் தொடக்கத்திலேயே எழுத்தில் கேளுங்கள். சம்பள அமைப்பை ஆண்டு நடுவே மாற்றச் சம்மதிக்காத நிறுவனங்கள் உண்டு.

ஆறாம் படி: மேலே இருக்கும் இரண்டு எச்சரிக்கைக் கோடுகள்

அதிகச் சம்பளம் வாங்குபவர்களுக்கே இந்தப் படி. ஆனால் தன்விருப்பமாகக் கூடுதல் பி.எஃப். போடுபவர்களும் படிக்க வேண்டும்.

முதல் கோடு இரண்டரை லட்சம். 2021 ஏப்ரல் 1 முதல், பி.எஃப். கணக்கில் ஊழியர் தம் பங்காகப் போடும் பணம் ஓர் ஆண்டில் 2,50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதியின் வட்டிக்கு வரி உண்டு. கட்டாயப் பிடித்தமும் தன்விருப்பப் பங்களிப்பும் சேர்ந்தே இந்தக் கணக்கு. நிறுவனத்தின் பங்களிப்பே இல்லாத கணக்குகளுக்கு, எடுத்துக்காட்டாக அரசு ஊழியரின் பொது சேமநல நிதிக்கு (ஜி.பி.எஃப்.), இது ஐந்து லட்சம். தாண்டிய தொகை ஒருமுறை வரிக்குரிய பகுதிக்குப் போய்விட்டால், அதன் வட்டிக்கும், அந்த வட்டி ஈட்டும் வட்டிக்கும் ஒவ்வோர் ஆண்டும் வரி தொடரும். அந்த ஒரு ஆண்டோடு அது முடிவதில்லை. 2021 மார்ச் 31 வரை சேர்ந்திருந்த இருப்பு இதில் அடங்காது.

அடிப்படைச் சம்பளம் மாதம் ஏறத்தாழ 1,73,600 ரூபாயைத் தாண்டும்போது, 12 விழுக்காட்டுக் கட்டாயப் பிடித்தம் மட்டுமே இந்தக் கோட்டைத் தொட்டுவிடும். 60,000 ரூபாய் அடிப்படைச் சம்பளம் வாங்குபவருக்கோ ஆண்டுக்கு 1,63,600, அதாவது மாதம் 13,600 ரூபாய் அளவுக்குத் தன்விருப்பப் பங்களிப்புக்கு இடம் இருக்கிறது. 2024-25-இல் பி.எஃப். வட்டி 8.25 விழுக்காடு. கோட்டுக்குள் அது முழுதாகக் கிடைக்கும். கோட்டுக்கு வெளியே, செஸ்ஸுடன் 31.2 விழுக்காடு வரி கட்டுபவருக்கு அது 5.68 விழுக்காடாகச் சுருங்கிவிடும். இந்த வேறுபாட்டை அறிந்த பிறகு கோட்டைத் தாண்டிப் போட விரும்புபவர் தாராளமாகப் போடலாம். சட்டம் அதைத் தடுக்கவில்லை.

இரண்டாவது கோடு ஏழரை லட்சம். பி.எஃப்., என்.பி.எஸ்., அங்கீகரிக்கப்பட்ட ஓய்வூதிய நிதி ஆகிய மூன்றிலும் நிறுவனம் ஓர் ஆண்டில் செலுத்தும் மொத்தத் தொகை 7,50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊழியரின் வருமானமாகக் கருதப்படும். அந்தப் பகுதி ஈட்டும் வருவாய்க்கும் ஆண்டுதோறும் வரி உண்டு. 2020-21 நிதியாண்டிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. ஆண்டு அடிப்படைச் சம்பளம் 36 லட்சம் என்றால் நிறுவனத்தின் பி.எஃப். பங்கு 4,32,000, என்.பி.எஸ். 14 விழுக்காடு 5,04,000, கூட்டினால் 9,36,000. இதில் 1,86,000 ரூபாய் வரிக்குள் வரும். இவர் என்.பி.எஸ். விழுக்காட்டைக் குறைத்துக்கொள்வதே பொருத்தம், பி.எஃப். பிடித்தத்தைக் குறைப்பது அவ்வளவு எளிதல்ல.

ஏழாம் படி: பி.பி.எஃப். கணக்கின் தனி விதிகள்

மேலே சொன்னவற்றுக்கு மாறாக, இங்கே பணம் போடுவதற்கே வரம்பு உண்டு. ஓர் ஆண்டில் குறைந்தது 500, அதிகபட்சம் 1,50,000. தாண்டிப் போன தொகைக்கு வட்டியும் இல்லை, கழிவும் இல்லை. ஒருவர் தம் பெயரிலும், காப்பாளராக இருந்து தம் மைனர் பிள்ளையின் பெயரிலும் கணக்கு வைத்திருந்தால் இரண்டுக்கும் சேர்த்தே ஒன்றரை லட்சம். வாழ்க்கைத்துணை தம் பெயரில் வைத்திருக்கும் கணக்குக்குத் தனி வரம்பு உண்டு. அதில் நாம் போட்டாலும் நமக்குக் கழிவு கிடைக்கும், ஆனால் நம்முடைய ஒன்றரை லட்சத்துக்குள்தான். புதிய வரிமுறையில் இருப்பவருக்குக் கழிவு போனாலும் வட்டிக்கு வரி இல்லை என்ற நன்மை அப்படியே இருக்கிறது. பி.எஃப். கணக்கின் இரண்டரை லட்சக் கோட்டில் பி.பி.எஃப். தொகை சேராது.

ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசி வரை இருக்கும் குறைந்தபட்ச இருப்புக்கே வட்டி கணக்கிடப்படுகிறது. நான் ஒரு முறை ஏப்ரல் 4-ஆம் தேதி மாலையில் அனுப்பிய ஒன்றரை லட்சம் 6-ஆம் தேதிதான் கணக்கில் ஏறியது. 7.1 விழுக்காட்டில் ஒரு மாத வட்டி 887 ரூபாய் 50 காசு, அன்றோடு போயிற்று. அதிலிருந்து ஏப்ரல் முதல் நாளிலேயே செலுத்திவிடுகிறேன்.

எட்டாம் படி: சொந்தத் தொழில் செய்பவர்கள்

பி.எஃப். கணக்கும் நிறுவனப் பங்களிப்பும் இல்லாத இவர்களுக்குப் பி.பி.எஃப்., என்.பி.எஸ். இரண்டுமே முக்கிய வழிகள். பழைய முறையில், மொத்த வருமானம் 6,00,000 என்றால் என்.பி.எஸ். உள்வரம்பு 1,20,000; அதற்கு மேல் 50,000 தனி. ஆனால் இதே வருமானத்துக்குப் புதிய முறையில் வரியே இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். மூலதன ஆதாயம் போன்ற தனி விகித வருமானங்களை விட்டுவிட்டால், பன்னிரண்டு லட்சத்துக்கு உட்பட்ட தொழில் வருமானம் உள்ளவர் கழிவுக்காகப் பழைய முறைக்குப் போவதில் பயனில்லை. அவர் எந்தக் கணக்கில் சேமிப்பது என்பதை வட்டி, பாதுகாப்பு, பணம் எடுக்கும் வசதி ஆகியவற்றை வைத்தே முடிவு செய்யலாம். வருமான வரி செலுத்துபவராக இருப்பவர் 2022 அக்டோபர் 1 முதல் அமைப்புசாராத் தொழிலாளர்களை மனத்தில் கொண்ட அடல் ஓய்வூதியத் திட்டத்தில் புதிதாகச் சேர முடியாது.

ஒன்பதாம் படி: காகிதங்களைச் சரிபார்த்தல்

பழைய முறையில் இருப்பவர்கள் நிறுவனம் கேட்கும் தேதிக்குள் சான்றுகளைக் கொடுத்துவிட வேண்டும்; தவறினால் வரி கூடுதலாகப் பிடிக்கப்படும், ஆனால் மார்ச் 31-க்குள் பணம் போடப்பட்டிருந்தால் வரிக்கணக்கு தாக்கல் செய்யும்போது கழிவைக் கோரித் திரும்பப் பெறலாம்.

சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டி நிறுவனம் தரும் சான்றான படிவம் 16 கைக்கு வந்ததும் நிறுவனத்தின் என்.பி.எஸ். பங்களிப்பு இரண்டு இடத்தில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். முதலில் அது சம்பள வருமானத்தில் சேர்க்கப்பட்டு, பின்னர் 80சிசிடி (2)-இல் கழிக்கப்பட வேண்டும். சேர்த்துவிட்டுக் கழிக்க மறந்திருந்தால் இல்லாத வருமானத்துக்கு வரி கட்டுவோம். சேர்க்காமலே கழித்திருந்தால் பின்னாளில் துறையிடமிருந்து கடிதம் வரும்.

இரண்டரை லட்சத்தைத் தாண்டியவர்கள் பி.எஃப். கணக்கின் வரிக்குரிய வட்டியை வருமான வரித் தளத்தில் கிடைக்கும் ஆண்டுத் தகவல் அறிக்கையிலும் பி.எஃப். கணக்கு விவரத்திலும் தேடிப் பார்த்து, பிற வருமானம் என்ற தலைப்பில் தாங்களே காட்ட வேண்டும். அந்த வட்டி 10,000 ரூபாயைத் தாண்டும்போதுதான் 10 விழுக்காடு வரி முன்கூட்டியே பிடிக்கப்படும். அதற்குக் குறைந்த வட்டிக்குப் பிடித்தம் இருக்காது, வரி உண்டு.